பழைய கார்களில் மின்சார வாஷர் பொருத்துதல்

மின்சார வாஷர் என்பது காரின் முன்கண்ணாடி மீது நீரைப் பீய்ச்சி, வைப்பர் அந்தக் கண்ணாடியைத் துடைத்துச் சுத்தம் செய்ய உதவும் சிறு கருவியாகும். ஒரு நீர்க்கலம், மின்மோட்டாருடன் கூடிய பம்ப், மெல்லிய குழாய், ஒன்றோ இரண்டோ நாசில்கள், ஓட்டுநர் அழுத்தும் ஒரு பொத்தான் ஆகியவையே இதன் பாகங்கள். இன்றைய கார்களில் இது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. ஆனால் 1960களின் நடுப்பகுதி வரை உருவான கார்கள் பலவற்றில் வாஷரே கிடையாது. இருந்தவற்றிலும் பல கையாலோ காலாலோ இயக்கப்பட்டவை.

பழைய கார்களை இன்றும் சாலையில் ஓட்டுபவர்கள் செய்துகொள்ளும் மாற்றங்களில் மின்சார வாஷர் மிகச் சிறியது, செலவும் குறைவு. ஆயினும் பழைய காரின் மின்னமைப்பு இன்றைய காரின் மின்னமைப்பைப் போன்றதன்று. வோல்ட் அளவு, எர்த் எந்த முனையில் உள்ளது, பியூஸ் எங்கே உள்ளது என்ற மூன்றையும் பார்க்காமல் புதிய பம்பை இணைத்தால் அது நீரைப் பீய்ச்சாமல் போகலாம்; மோசமான நிலையில் ஒயர் சூடாகித் தீப்பிடிக்கவும் கூடும்.

தேவை

வைப்பர் மழைக்காக உருவான கருவி. மழை பெய்யும்போது கண்ணாடியில் போதிய நீர் இருப்பதால் அது நன்றாகத் துடைக்கும். சிக்கல் மழை நின்ற பிறகுதான் தொடங்குகிறது. முன்னே செல்லும் லாரியின் சக்கரங்கள் வாரி இறைக்கும் சேற்றுநீர் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படிகிறது. அப்போது வைப்பரை மட்டும் இயக்கினால் சேறு அகலாது. கண்ணாடி முழுவதும் இழுபட்டுப் பரவும். எதிரே வரும் வண்டியின் விளக்கொளியோ மாலை வெயிலோ அந்தப் படலத்தில் பட்டுச் சிதறினால் சாலை கண்ணுக்கு மறைந்துவிடும்.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. மூன்று நொடிகள் பார்வை மறைந்தால் 66 மீட்டர் தூரம் ஓட்டுநர் எதையும் காணாமல் சென்றிருப்பார். கைப்பம்ப் கொண்ட வாஷரில், சரியாக இந்த நேரத்தில்தான் ஓட்டுநர் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, டேஷ்போர்டில் உள்ள குமிழைப் பலமுறை அழுத்த வேண்டும்; மறு கணம் வைப்பர் சுவிட்சையும் தேட வேண்டும். மின்சார வாஷரில் ஒரு விரல் அழுத்தம் போதும்.

கண்ணாடியைக் காப்பதும் மற்றொரு காரணம். சாலைத் தூசியில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கும். மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7; சாதாரணக் கண்ணாடி 5.5 முதல் 6 வரை. எனவே உலர்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டுவது மணலால் கண்ணாடியைத் தேய்ப்பதற்குச் சமம். காலப்போக்கில் வைப்பர் சுழலும் பாதையில் வில் வடிவக் கீறல்கள் விழும். பல பழைய கார்களுக்கு மாற்று முன்கண்ணாடி கிடைப்பது அரிது என்பதால், முதலில் வந்த கண்ணாடியைக் காப்பாற்ற வாஷர் பெரிதும் உதவுகிறது.

வரலாறு

கண்ணாடியைத் துடைக்கும் கருவி வாஷருக்கு மிக முந்தையது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன், வண்டியின் உள்ளிருந்தே நெம்புகோலால் இயக்கும் துடைப்பானுக்கு 1903ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். நீரைப் பீய்ச்சும் கருவிகள் 1930களின் பிற்பாதியில்தான் அமெரிக்கக் கார்களுக்கு விற்பனைக்கு வந்தன. அப்போதும் அவை கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் துணைக்கருவிகளாகவே இருந்தன.

மின்சாரப் பம்ப் பரவலாகும் முன் பல வகை வாஷர்கள் வழக்கில் இருந்தன:

- கைப்பம்ப்: டேஷ்போர்டில் உள்ள குமிழை அழுத்தினால் நீர் பீய்ச்சும். பிரிட்டிஷ் கார்களில் இது மிகப் பரவலாக இருந்தது.
- காற்பம்ப்: தரையில் உள்ள ரப்பர் குமிழைக் காலால் மிதித்து இயக்குவது.
- வெற்றிட வாஷர்: எஞ்சினின் உறிஞ்சு குழாயில் உருவாகும் வெற்றிடத்தைக் கொண்டு இயங்குவது. வெற்றிடத்தால் ஓடும் வைப்பர் கொண்ட அமெரிக்கக் கார்களில் காணப்பட்டது.
- காற்றழுத்த வாஷர்: ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் முன்பக்கம் வைக்கப்பட்டிருக்கும் ஸ்டெப்னி டயரிலிருந்து காற்றை எடுத்து, அந்த அழுத்தத்தால் நீரைப் பீய்ச்சுவது. டயரின் காற்று ஓர் அளவுக்குக் கீழே குறையாமல் ஒரு வால்வு தடுக்கும்.

அமெரிக்காவில் கூட்டரசின் 104ஆம் பாதுகாப்புத் தரநிலை, 1968 ஜனவரி முதல் புதிய கார்களுக்கு வைப்பருடன் வாஷரையும் கட்டாயமாக்கியது. அதன் பின் மின்சார வாஷர் படிப்படியாக எங்கும் பரவியது.

இயங்கும் விதம்

இன்று கடைகளில் கிடைக்கும் வாஷர் பம்புகள் பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடுபவை. மோட்டாரின் அச்சில் பொருத்திய சிறு சுழலி நீரைச் சுழற்றி, மையவிலக்கு விசையால் குழாய்க்குள் தள்ளுகிறது. ஓடும்போது பம்ப் சுமார் 2 முதல் 4 ஆம்பியர் வரை மின்சாரம் எடுக்கும். சில நொடிகளே ஓடுவதால் பழைய காரின் டைனமோவுக்கோ பேட்டரிக்கோ இது சுமையாவதில்லை. இந்த அளவு மின்னோட்டத்தை 10 ஆம்பியர் தாங்கும் சாதாரணப் பொத்தானே கையாளும் என்பதால் ரிலே தேவைப்படுவதில்லை.

மையவிலக்குப் பம்பின் மூன்று இயல்புகள் அதைப் பொருத்தும் இடத்தையும் இணைக்கும் முறையையும் தீர்மானிக்கின்றன.

முதலாவதாக, அது காற்றை உறிஞ்சி நீரை மேலே இழுக்காது. ஆகவே பம்ப் எப்போதும் கலத்தின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கலத்தின் அடியில் உள்ள துளையில் ரப்பர் வளையத்துடன் செருகும் பம்புகளில் இது தானாகவே அமைந்துவிடும். இடைக்குழாயில் இணைக்கும் பம்பைக் கலத்துக்குக் கீழே தனியாகப் பொருத்த வேண்டும்.

இரண்டாவதாக, மோட்டாரின் இரு முனைகளையும் மாற்றி இணைத்தால் சுழலி எதிர்த்திசையில் சுழலும். அப்போது மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். நீரோ மிக மெலிதாகவே வரும். பின்கண்ணாடி வாஷரும் உள்ள சில கார்களின் இரட்டைவாய்ப் பம்புகள் இதே இயல்பைப் பயன்படுத்தி, ஒரு திசையில் முன்கண்ணாடிக்கும் மறு திசையில் பின்கண்ணாடிக்கும் நீர் அனுப்புகின்றன.

மூன்றாவதாக, சுழலியையும் அச்சையும் குளிர்வித்து உராய்வைக் குறைப்பது அதன் வழியே ஓடும் நீர்தான். நீரில்லாமல் நீண்ட நேரம் ஓட்டினால் பம்ப் கெட்டுவிடும்.

பழைய கார்களின் மின்னமைப்பு

வோல்ட் அளவு. 1950களின் நடுப்பகுதி வரை பல அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட் மின்னமைப்பு கொண்டவை. ஃபோர்டு தன் அமெரிக்கக் கார்களை 1956 மாடலில் 12 வோல்ட்டுக்கு மாற்றியது. அமெரிக்காவில் விற்ற பீட்டில் 1967 மாடலில்தான் 12 வோல்ட்டுக்கு மாறியது. பேட்டரியின் மேலுள்ள அறைகளை எண்ணியே இதை அறியலாம்: ஈய-அமிலப் பேட்டரியின் ஓர் அறை ஏறத்தாழ 2 வோல்ட் தரும்; மூன்று அறைகள் என்றால் 6 வோல்ட், ஆறு என்றால் 12 வோல்ட். சில கார்களில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டு 12 வோல்ட் தரும். பின்னிருக்கைப் பகுதிக்கு அடியில் இரு பேட்டரிகளுடன் வந்த எம்ஜிபி இதற்கு எடுத்துக்காட்டு.

எர்த். காரில் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு ஒயர்கள் இழுப்பதில்லை. பேட்டரியின் ஒரு முனை காரின் உலோக உடலோடு இணைக்கப்பட்டு, அந்த உடலே மின்சாரம் திரும்பும் பாதையாகப் பயன்படுகிறது. இதையே எர்த் என்பர். இன்றைய கார்களில் நெகட்டிவ் முனை எர்த்தாக இருக்கும். ஆனால் லூகாஸ் மின்கருவிகள் பொருத்தப்பட்ட பிரிட்டிஷ் கார்களில் 1960களின் நடுப்பகுதி வரை பாசிட்டிவ் முனையே பொதுவாக எர்த்தாக இருந்தது. எம்ஜிபியில் 1967 வரை இந்நிலை நீடித்தது. 1955 வரை வந்த அமெரிக்க ஃபோர்டு கார்களும் பாசிட்டிவ் எர்த் கொண்டவையே.

கையேட்டில் எழுதியிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. ஆல்டர்னேட்டரோ ரேடியோவோ பொருத்துவதற்காகப் பல கார்கள் இடையில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றப்பட்டுள்ளன. கேபிளின் நிறத்தையும் நம்ப இயலாது. பேட்டரியில் கூட்டல் குறி, கழித்தல் குறி ஆகியவற்றைப் பார்த்து, உடலில் போல்ட் போட்டு முறுக்கிய கேபிள் எந்த முனையிலிருந்து வருகிறது என்று காண்பதே உறுதியான வழி.

பியூஸ். பழைய கார்களில் பியூஸ்கள் மிகக் குறைவு. பல பிரிட்டிஷ் கார்களில் முழு வண்டிக்கும் இரண்டே பியூஸ்கள் இருக்கும். லூகாஸ் கண்ணாடிக் குழல் பியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், அது உருகி அறும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு அதில் பாதி, அதாவது சுமார் 17 ஆம்பியர். வாஷருக்குப் போடும் மெல்லிய ஒயர் உரசி உடலைத் தொட்டால், இந்தப் பியூஸ் அறுவதற்குள் ஒயரின் உறை உருகத் தொடங்கிவிடக் கூடும். ஆகவே வாஷருக்கெனத் தனியாக 5 ஆம்பியர் பியூஸ் ஒன்றைச் சேர்ப்பது கட்டாயம் எனலாம்.

எடுத்துக்காட்டு: மாரிஸ் மைனர்

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மாரிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியானது. 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. இலங்கையின் சாலைகளில் இன்றும் இக்கார்கள் ஓடுகின்றன. அம்பாசிடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மின்கருவிகளும் லூகாஸ் நிறுவனத்துடையவை. எனவே மைனருக்குச் சொல்லப்படும் முறை, அதே காலத்து மற்ற பிரிட்டிஷ் கார்களுக்கும் பெரிதும் பொருந்தும்.

மைனர் 12 வோல்ட், பாசிட்டிவ் எர்த் கொண்ட கார். அதன் பியூஸ் பெட்டியில் ஏ1, ஏ2, ஏ3, ஏ4 என நான்கு முனைகள் உண்டு. ஏ1-ஏ2 பியூஸ் எப்போதும் மின்சாரம் உள்ள இணைப்புகளுக்கானது. ஏ3-ஏ4 பியூஸ், சாவியைத் திருப்பிய பின்னரே மின்சாரம் பெறும் இணைப்புகளுக்கானது. வைப்பருக்கும் பெட்ரோல் அளவுமானிக்கும் மின்சாரம் இங்கிருந்தே செல்கிறது. லூகாஸ் நிற வழக்கப்படி ஏ4 முனையிலிருந்து செல்லும் ஒயர்கள் பச்சை நிறமானவை. எர்த் ஒயர் கறுப்பு. வாஷருக்கும் இந்த ஏ4 முனையிலிருந்து மின்சாரம் எடுப்பதே முறை. சாவியை எடுத்த பின் யாரேனும் பொத்தானை அழுத்தினாலும் பம்ப் ஓடாது.

பொருத்தும் படிகள் பின்வருமாறு:

1. பேட்டரியைக் கழற்றுதல். முதலில் எர்த் கேபிளைக் கழற்ற வேண்டும். மைனரில் அது பாசிட்டிவ் முனையில் இருக்கும். எர்த் முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் உடலைத் தொட்டாலும் தீப்பொறி எழாது. மற்ற முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் உடலில் பட்ட கணமே பேட்டரி முழு வேகத்தில் ஷார்ட் ஆகும்.

2. நீர்க்கலத்துக்கு இடம் தேர்தல். எஞ்சின் அறையின் பக்கச் சுவரில், எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகில் இல்லாத இடமாக இருக்க வேண்டும். கலத்தின் நீர்மட்டம் நாசிலைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயரமாக இருந்தால், பம்ப் நின்ற பிறகும் நீர் தானாக வழிந்து கலம் காலியாகிவிடும். ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளில் ஒரு தகட்டுப் பட்டையைப் பொருத்தி அதில் கலத்தை மாட்டினால் உடலில் புதுத் துளை இட வேண்டியதில்லை.

3. குழாய் இணைத்தல். சுமார் 4 மி.மீ. உள்விட்டம் உள்ள குழாய் போதும். பம்பிலிருந்து ஒரு குழாய் மேலே சென்று, டி வடிவ இணைப்பில் இரண்டாகப் பிரிந்து இரு நாசில்களுக்கும் செல்லும். பம்புக்கும் டி இணைப்புக்கும் இடையே ஒருவழி வால்வு ஒன்றைச் சேர்த்தால் நீர் கலத்துக்குத் திரும்பாது; பொத்தானை அழுத்திய உடனே பீய்ச்சும். வால்வின் மேலுள்ள அம்புக்குறி நாசிலை நோக்கி இருக்க வேண்டும்.

4. ஒயர் இழுத்தல். 1 சதுர மி.மீ. செம்பு ஒயர் போதுமானது. ஏ4 முனைக்கு மிக அருகிலேயே 5 ஆம்பியர் பியூஸ் வைக்க வேண்டும். பியூஸுக்கு முன்னுள்ள ஒயருக்குப் பாதுகாப்பு இல்லை என்பதே காரணம். அங்கிருந்து ஒயர் பொத்தானுக்கும், பொத்தானிலிருந்து பம்புக்கும் செல்லும். எஞ்சின் அறைக்கும் உட்புறத்துக்கும் இடையிலுள்ள தகட்டைக் கடக்கும்போது, ஏற்கெனவே ரப்பர் வளையம் உள்ள துளை வழியாகவே ஒயரைக் கொண்டுசெல்ல வேண்டும். வெறும் தகட்டின் விளிம்பில் உரசினால் உறை அறுந்து ஷார்ட் ஆகும்.

5. பம்பின் முனைகளை இணைத்தல். பாசிட்டிவ் எர்த் காரில் பியூஸ் பெட்டியிலிருந்து வரும் ஒயரே நெகட்டிவ். ஆகவே அது பம்பின் கழித்தல் குறியிட்ட முனையில் சேர வேண்டும். பம்பின் கூட்டல் குறியிட்ட முனையிலிருந்து செல்லும் கறுப்பு ஒயரை, பெயின்ட் சுரண்டிய உடற்பகுதியில் போல்ட் போட்டு எர்த் செய்ய வேண்டும். நெகட்டிவ் எர்த் காரில் இது தலைகீழாகும். இன்றைய பம்புகளின் உறை பிளாஸ்டிக் என்பதால் எந்த வகை எர்த்துக்கும் அவற்றைப் பயன்படுத்தலாம். உலோக உறை கொண்ட பழைய பம்பு எனில், அதன் உறையே ஒரு முனையாக உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

6. சோதித்தல். கலத்தில் நீர் ஊற்றிய பின்பே பேட்டரியை இணைக்க வேண்டும். இம்முறை எர்த் கேபிள் கடைசியில். சாவியைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினால், குழாயில் உள்ள காற்று வெளியேறிய பின் நீர் பீய்ச்சத் தொடங்கும்.

பொத்தான் அழுத்தியிருக்கும் வரை மட்டுமே இணைப்பைத் தரும் ஸ்பிரிங் வகையாக இருக்க வேண்டும். அழுத்தினால் அப்படியே நின்றுவிடும் சுவிட்சைப் போட்டால், மறதியில் கலம் காலியாகிப் பம்ப் உலர்ந்து ஓடும்.

நாசிலின் திசை

நீர் எங்கே விழுகிறது என்பதில்தான் வாஷரின் பயன் அடங்கியுள்ளது. வண்டி நிற்கும்போது, வைப்பர் துடைக்கும் பரப்பின் மேற்பாதியில் நீர் படும்படி நாசிலைத் திருப்ப வேண்டும். வேகமாகச் செல்லும்போது எதிர்காற்று நீர்த்தாரையைக் கீழே அழுத்துவதால் அது நடுப்பகுதியில் விழும். வண்டி நிற்கும்போது நடுவில் விழும்படி வைத்தால், வேகத்தில் நீர் கண்ணாடியின் அடியோரத்திலேயே வழிந்துவிடும். உருண்டை முனை கொண்ட நாசில்களில் ஒரு குண்டூசியைச் செருகித் திசையை மாற்றலாம்.

1956க்கு முந்தைய மைனர்களின் முன்கண்ணாடி நடுவில் கம்பியுடன் இரு துண்டுகளாக இருக்கும். அதன் பின் வந்த மைனர் 1000 வண்டியில் வளைந்த ஒரே கண்ணாடி வந்தது. இரு துண்டுக் கண்ணாடியில் ஒவ்வொரு துண்டுக்கும் தனி நாசில் வேண்டும். ஒன்றின் நீர் மற்றொன்றுக்குச் செல்லாது.

உடலில் துளையிட விரும்பாதோர், வைப்பர் கைகளில் கவ்விப் பிடிக்கும் நாசில்களையோ, ஏற்கெனவே உள்ள திருகுகளில் பொருத்தும் சிறு தகட்டு நாசில்களையோ பயன்படுத்தலாம். துளையிட்டே ஆக வேண்டுமெனில், துளையின் விளிம்பில் துருத்தடுப்பு பிரைமர் பூசிய பிறகே நாசிலைப் பொருத்த வேண்டும். இல்லையெனில் நீர் தினமும் படும் அந்த இடத்திலிருந்தே துரு தொடங்கும்.

6 வோல்ட் கார்கள்

6 வோல்ட் காரில் 12 வோல்ட் பம்பை இணைத்தால் அது எரிந்துபோகாது. ஆனால் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். மையவிலக்குப் பம்பு தரும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், அழுத்தம் கால் பங்காகிவிடும். நீர் கண்ணாடியை எட்டாமல் பானெட்டிலேயே விழும்.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. பழைய கார்களுக்கென விற்கப்படும் 6 வோல்ட் பம்பை வாங்குவது எளியது. இரண்டாவது, 6 வோல்ட்டை 12 வோல்ட்டாக உயர்த்தும் மின்மாற்றுக் கருவியைச் சேர்ப்பது. 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் எடுக்கும் பம்பின் திறன் 36 வாட். அதே திறனை 6 வோல்ட்டிலிருந்து பெற, கருவி உள்ளே குறைந்தது 6 ஆம்பியர் எடுக்கும். இழப்பையும் சேர்த்தால் இன்னும் கூடும். அதற்கேற்ப ஒயரும் பியூஸும் பெரிதாக வேண்டும். இத்தகைய கருவிகள் பலவற்றில் உள்வாயின் நெகட்டிவும் வெளிவாயின் நெகட்டிவும் ஒன்றே. பாசிட்டிவ் எர்த் காரில் பம்பின் எந்த முனையையும் உடலோடு இணைக்காமல், கருவியிலிருந்தே இரு ஒயர்களையும் எடுத்துச்செல்ல வேண்டும். மூன்றாவது வழி, முதலில் வந்த கைப்பம்பையோ காற்றழுத்த வாஷரையோ பழுதுபார்த்து அப்படியே வைத்துக்கொள்வது. ரப்பர் வளையங்களை மாற்றினால் அவற்றில் பல நன்றாகவே வேலை செய்யும்.

கலத்தில் ஊற்றும் திரவம்

உப்பு மிகுந்த கடின நீர் நாசிலின் நுண்துளையில் சுண்ணாம்புபோல் படிந்து அடைத்துவிடும். வடிகட்டிய அல்லது காய்ச்சி வடித்த நீர் நல்லது. அதனுடன் கடைகளில் விற்கும் வாஷர் திரவத்தை அளவோடு கலக்க வேண்டும். பாத்திரம் துலக்கும் சோப்பு மிகுதியாக நுரைத்து, பெயின்டில் வழிந்து கறையாகும். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்டை ஒருபோதும் இதில் ஊற்றக் கூடாது. அது கண்ணாடியில் எண்ணெய்போல் பூசி, பார்வையை மேலும் கெடுக்கும்.

குளிர் நாடுகளில் நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால் கலமும் பம்பும் வெடிக்கலாம். இதைத் தடுக்க ஆல்கஹால் கலந்த திரவம் பயன்படுகிறது. மெத்தனால் கலந்த திரவம் கொடிய நஞ்சு. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

வெதுவெதுப்பான எஞ்சின் அறையில் மாதக்கணக்கில் தேங்கும் வெறும் நீரில் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகலாம். வாஷர் பீய்ச்சும் நுண்துளிகளைச் சுவாசிக்கும்போது அது நுரையீரலைத் தாக்கக்கூடும். 2010இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்று, வாஷர் திரவம் சேர்க்காமல் வெறும் நீரைப் பயன்படுத்துவதற்கும் லெஜியோனயர் நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. பழைய கார்கள் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்பவை என்பதால், நிறுத்திவைக்கும் முன் கலத்தைக் காலிசெய்து, மீண்டும் எடுக்கும்போது புதுத் திரவம் நிரப்புவது நல்லது.

பழமையும் சட்டமும்

பழைய காரின் மதிப்பு அது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையைச் சார்ந்தது. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா, குறைந்தது 30 ஆண்டுகள் பழமையானதும் வரலாற்று முறையில் சரியான நிலையில் காக்கப்படுவதுமான வாகனத்தையே வரலாற்று வாகனமாகக் கருதுகிறது. எனவே வாஷரைச் சேர்க்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய நெறி ஒன்றே: எப்போது வேண்டுமானாலும் கழற்றி, கார் முன்பிருந்த நிலைக்கே திரும்ப வேண்டும். பழைய ஒயரை வெட்டாமல், பியூஸ் பெட்டியின் முனையிலேயே புது ஒயரைச் சேர்ப்பதும், டேஷ்போர்டில் துளையிடாமல் அதன் அடியில் தகட்டுப் பட்டையில் பொத்தானை மாட்டுவதும் இதற்காகவே. கைப்பம்ப் இருந்த கார்களில் அந்தத் துளையிலேயே மின்பொத்தானைப் பொருத்தலாம். கழற்றிய கைப்பம்பைப் பத்திரமாக எடுத்துவைக்க வேண்டும்.

இந்தியாவில் 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலான, சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களையும் இருசக்கர வண்டிகளையும் விண்டேஜ் வாகனங்களாக வரையறுக்கின்றன. கழற்றக்கூடிய வாஷர் இம்மூன்றில் எதையும் மாற்றுவதில்லை. பிரிட்டனில் 1986ஆம் ஆண்டு வாகனக் கட்டமைப்பு விதிகள், வைப்பர் தேவைப்படும் வண்டிகளுக்குச் சில விலக்குகளுடன் வாஷரும் வேண்டும் என்கின்றன. அந்த வாஷர் மின்சாரத்தில் ஓட வேண்டும் என்பதில்லை. வைப்பருடன் சேர்ந்து கண்ணாடியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதே விதி. 2018 மே முதல் பெரிய மாற்றங்கள் இல்லாத, 40 ஆண்டுகள் கடந்த கார்களுக்கு அங்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. ஆயினும் வண்டியைச் சாலைக்கேற்ற நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளருடையதே.

பழுதுகளும் காரணங்களும்

- மோட்டார் சத்தம் கேட்கவில்லை: பியூஸ் அறுந்திருக்கலாம், எர்த் போல்ட்டின் அடியில் பெயின்டோ துருவோ இருக்கலாம், சாவி திருப்பப்படாமல் இருக்கலாம்.
- சத்தம் கேட்கிறது, நீர் வரவில்லை: ஒருவழி வால்வு தலைகீழாக இருக்கலாம், நாசில் அடைத்திருக்கலாம், குழாய் பானெட் கீலில் நசுங்கியிருக்கலாம், இடைக்குழாய்ப் பம்ப் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கலாம்.
- நீர் மெலிதாக வருகிறது: பம்பின் முனைகள் மாறியிருக்கலாம், 6 வோல்ட் காரில் 12 வோல்ட் பம்ப் இருக்கலாம், டி இணைப்பில் கசிவு இருக்கலாம்.
- அழுத்திய பின் தாமதமாக வருகிறது: ஒருவழி வால்வு இல்லை, அல்லது அதில் தூசி சிக்கியுள்ளது.
- அழுத்தாமலே நீர் வழிகிறது: கலம் நாசிலைவிட உயரத்தில் உள்ளது.
- பியூஸ் அடிக்கடி அறுகிறது: ஒயர் எங்கோ தகட்டில் உரசுகிறது, அல்லது பம்பின் சுழலி தூசியால் இறுகியுள்ளது. இந்நிலையில் பெரிய பியூஸ் போடுவது தீர்வன்று. காரணத்தைக் கண்டு நீக்கிய பிறகே அதே 5 ஆம்பியர் பியூஸை மீண்டும் போட வேண்டும்.